ராயபுரத்தின் பேசவல்லவர்

ஐம்பதுகளில் இந்தியாவின் வெளிநாட்டுக் கொள்கை ராயபுரத்தில்தான் அறிவிக்கப்பட்டது. பனைமரத் தொட்டி என்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்து, சந்தின் நடுவில் ஒரு கார்ப்பரேஷன் குழாய், குழாயைச் சுற்றி ஒரு சிமெண்டு மேடை. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த மேடையில் ஏறி நின்று டில்லி நைனா என்ன சொன்னாரோ அதுதான் சர்க்காரின் நிலை. நிஜ டில்லியில் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு நாள் கழித்து அதையே சொன்னார்கள். சில சமயம் மாற்றிச் சொன்னார்கள். அப்போது எங்கள் சந்தில் டில்லிக்குத்தான் கெட்ட பெயர்.

இதை நான் வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன். அந்த மேடை நியாயப்படி எனக்கு வரவேண்டியது.

அப்போது நான் ஒரு தமிழ்த் தினசரியில் உதவி ஆசிரியர். டில்லியிலிருந்து தந்தியில் வருகிற வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்குவது என் வேலை. சர்க்காரின் வெளிநாட்டு இலாகா சார்பில் நிருபர்களிடம் பேசுவதற்கென்று ஓர் அதிகாரி இருப்பார். பத்திரிகையில் அவருக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. "பேசவல்லவர்" என்றுதான் எழுதவேண்டும். "இது குறித்து சர்க்கார் சார்பில் பேசவல்ல ஒருவர் கூறியதாவது" என்று நான் ஆரம்பிக்காத நாளே இல்லை. அந்த மனிதர் வாயைத் திறந்தால் தமிழ்நாட்டில் அதை முதலில் அறிகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் எங்கள் சந்தில் எனக்குப் பெயர் "பேப்பர் சார்". மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். குடிவந்து ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, நான் வீடு வீடாகப் பேப்பர் போடுகிறவன் என்று முக்கால்வாசிப் பேர் நம்பிக்கொண்டிருந்த விஷயம். "எல்லார் வூட்டுக்கும் போட்டுகினு எங்க வூட்டுக்கு மட்டும் ஏன் சார் போட மாட்டேங்கற?" என்று ஓர் அம்மாள் சண்டைக்கே வந்துவிட்டாள்.

டில்லி நைனா துறைமுகத்தில் மார்க்கா அடிப்பவர். வெளிநாடு போகிற மூட்டைகளிலும் தோல் கட்டுகளிலும் ஊர்ப்பெயரையும் சில சமயம் கப்பல் பெயரையும் கறுப்பு மையால் அடிக்கவேண்டும். எழுத்துகளை வெட்டியெடுத்த தகரத் தகட்டை மூட்டையின் மேல் வைத்து, மையில் தோய்த்த பிரஷ்ஷால் ஒரு தேய்ப்பு. தகட்டை எடுத்தால் ரங்கூன். இன்னொரு தகடு, பினாங்கு. இப்படி இருபது வருஷமாக உலகத்தைத் தகரத்தில் வைத்திருந்தவர் அவர். இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. நாலு பொந்து இருந்தால் ஏடன், ஆறு பொந்து இருந்தால் பினாங்கு என்று எண்ணித்தான் கண்டுபிடிப்பார். மை அவர் மேலேயும் ஒட்டிக்கொள்ளும். தோளில் பாதி ரங்கூனும் வேட்டியில் தலைகீழாக ஏடனுமாக அவர் துறைமுகத்திலிருந்து வரும்போது, நாலு தேசம் நடந்து வருகிற மாதிரி இருக்கும்.

உண்மைப் பெயர் டில்லிபாபுவோ என்னவோ, யாரும் கேட்டதில்லை. சந்தில் "டில்லி இன்னா சொல்லிச்சி?" என்று கேட்பார்கள். எங்கள் ஆபீஸில் ஆசிரியரும் "டில்லி என்ன சொல்கிறது?" என்றுதான் கேட்பார். ஒரே கேள்வியை இரண்டு இடத்தில் கேட்டு, பதில் சொல்கிற பெருமை இரண்டு இடத்திலும் எனக்குக் கிடைக்காமல் போனது.

அவர் அந்த மேடையைத் தேர்ந்தெடுத்ததிலேயே சாமர்த்தியம் தெரியும். ஐந்து மணிக்குத்தான் தண்ணீர் வரும். பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்பார்கள். துறைமுகத்து ஆண்கள் கைகால் கழுவ வருவார்கள். பேச்சு பிடிக்காவிட்டாலும் குடத்தை விட்டுவிட்டு யாரும் ஓடமுடியாது. எந்த தேசத்துப் பேசவல்லவருக்கும் இப்படி ஒரு கூட்டம் வாய்த்திருக்காது.

"நைனா, கொரியாவுல சண்டையாமே?"

"அத்த நம்ம சர்க்கார் உன்னிப்பா பாத்துகினு கீது."

"பாத்துகினு?"

"பாத்துகினே கீது."

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையாட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உன்னிப்பாகக் கவனித்து வருகிறது" என்பது என் வாக்கியம்! காலைப் பதிப்பில் நான் எழுதியது. துறைமுகத்து டீக்கடையில் யாரோ உரக்கப் படிக்க, அவர் காதில் வாங்கிக்கொண்டு வந்து விடுகிறார். நான் அதை நூறு முறை எழுதியபோது ஒருத்தரும் மூச்சைப் பிடிக்கவில்லை. நான் பெற்ற பிள்ளை அவர் இடுப்பில் உட்கார்ந்து சிரித்தது.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. பத்திரிகையில் வராததையும் சொல்லுவார். ஒருநாள் மேடையில் ஏறி, "ரங்கூன்காரனுக்கும் நமக்கும் ஏதோ பேஜாரு" என்றார். நான் வீட்டு வாசலிலிருந்தே சிரித்தேன். தந்தியில் அப்படி ஒரு வரி இல்லையே! மூன்றாம் நாள் தந்தி வந்தது: வியாபார ஒப்பந்தப் பேச்சில் சிக்கல். ஆபீஸில் அதை மொழிபெயர்க்கும்போது என் பேனா ஓடவில்லை. அவரை வழியில் மறித்து, "உமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எட்டு நாளா ரங்கூன் தகட்ட எடுக்கவே இல்ல சார். வெங்காயம் அப்டியே குந்திகினு கீது. கொஞ்சிகினு இருந்தா வெங்காயம் போவாம இருக்குமா?"

வெங்காயத்தை வைத்துக்கொண்டு இந்த மனிதர் எங்கள் தந்தியை முந்திவிட்டார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி சரோஜா, "இன்னாங்க, ரசம் நல்லா இல்லையா?" என்றாள். "ரசம் இல்லை, வெங்காயம்தான் காரணம்" என்று நான் பதில் சொன்னது அவளுக்குப் புரியவில்லை.

ஒருமுறை போட்டிக்கே இறங்கினேன். இரண்டு வல்லரசுகளிலும் சேராத நம் நடுநிலைமைக் கொள்கையைப் பற்றி யாரோ கேட்க, டில்லி நைனா வருவதற்குள் நானே மேடையில் ஏறினேன். சரித்திரத்திலிருந்து ஆரம்பித்தேன். முதல் உலக யுத்தத்தைத் தாண்டுவதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. நான் பேசியதால்தான் நின்றது என்று இன்றைக்கும் அங்கே சொல்லுவார்கள். அந்த நேரம் பார்த்து அவர் வந்தார். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை.

"ரெண்டு வஸ்தாது மல்லுக்கு நிக்கறான். நீ யாரு பக்கம்னு ரெண்டு பேரும் உன்ன கேக்கறான். நீ இன்னா சொல்லுவ? 'நானு தண்ணி புடிக்க வந்தேன் நைனா'ன்னுவ. அவ்ளோதான் நம்ம கொள்க."

கைதட்டல். என் மனைவியும் தட்டினாள். அந்த வளையல் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது.

ஆனால் அவருக்கும் ஒரு நாள் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. சீனாவும் நாமும் பஞ்சசீல ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட செய்தி. பக்கம் முழுக்க ஓடும் எட்டு காலத் தலைப்புக்கு நான்தான் தமிழ் வைத்தேன். சாயங்காலம் டில்லி நைனா மேடையில் ஏறி, "சீனாக்காரனும் நாமளும் பஞ்சசீலத்துல கையெழுத்து போட்டாச்சி. ஜனங்களுக்கு இனிமே ஒரு கொறையும் இல்ல" என்று முழங்கிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

வரிசையில் நின்ற பெண்களின் காதில் விழுந்தது, பஞ்சு சீலை.

யுத்த காலத்தில் கண்ட்ரோல் துணிக்கு வரிசையில் நின்றவர்கள் அவர்கள். சர்க்கார், கையெழுத்து, சீலை என்று மூன்று வார்த்தை சேர்ந்து வந்தால் அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? மறுநாள் நாலு மணிக்கே குழாயடியில் குடத்தைக் காணோம். கையில் ரேஷன் கார்டோடு பக்கத்துத் தெருப் பெண்கள்கூட வந்துவிட்டார்கள். வரிசை மெயின் ரோடு வரைக்கும் போயிற்று. நடுவில் சரோஜாவும் நின்றாள்.

"நீ எதுக்கு இங்கே?"

"சும்மா குடுக்கற சீலைய வாங்கனா இன்னாவாம்? நீங்களா வாங்கித் தரப் போறீங்க?"

என் வாழ்நாளில் வந்த ஒரே சந்தர்ப்பம் என்று மேடையில் தாவி ஏறினேன். "அம்மா, இது சீலை இல்லை! பஞ்ச என்றால் ஐந்து! ஐந்து..." என்று நான் "கொள்கைகள்" என்று முடிப்பதற்குள் வரிசையில் ஒரு குரல் கிளம்பியது. "வூட்டுக்கு அஞ்சாண்டி! பேப்பர் சாரே சொல்றாரு!" வரிசை இன்னும் ஒரு தெரு நீண்டது.

ஐந்து மணிக்கு டில்லி நைனா வந்து பார்த்தார். நான் பரம சந்தோஷத்தில் இருந்தேன். இன்றோடு ஆள் தொலைந்தார், நாளை முதல் மேடை எனக்குத்தான். அவர் என்னிடம் வந்து காதோடு, "சார், அந்த அஞ்சு இன்னான்னு ஜல்தியா சொல்லு" என்றார். சொல்லாமல் இருந்திருக்கலாம். என் படிப்பைக் காட்டும் ஆசையில் ஐந்தையும் கடகடவென்று ஒப்பித்தேன். அவர் மேடையில் ஏறினார்.

"அஞ்சும் வந்துகீது. நல்லா கேட்டுக்கோங்க. ஒருத்தி கொடம் வச்ச எடத்துல இன்னொருத்தி வைக்கக் கூடாது. இது ஒன்னு. மேல கைய வைக்கக் கூடாது. ரெண்டு. பக்கத்து வூட்டு விசயத்துல மூக்க நொழைக்கக் கூடாது. மூனு. மாடி வூடும் குட்சையும் குழாயடில ஒன்னுதான். நாலு. தண்ணி கொஞ்சமா வந்தாலும் எல்லாரும் புடிச்சிகினு போவணும். அஞ்சு. இந்த அஞ்ச கட்டிக்கினா குழாயடில யாரு மானமும் போவாது. போங்க, போயி கொடத்த எடுத்தாங்க."

முதலில் ஒரு கிழவி சிரித்தாள். பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. வெறுங்கையோடு போனவர்கள் சீலை வாங்கின முகத்தோடு போனார்கள். அந்த வருஷத்து மழைக்காலம் முடிகிறவரை எங்கள் குழாயடியில் ஒரு சண்டையும் நடக்கவில்லை. யாராவது குடத்தை நகர்த்தினால், "மொத சீல கிழிஞ்சிபோச்சி பாரு!" என்று கத்துவார்கள், குடம் தானாகப் பின்னால் போய்விடும். என் எட்டு காலத் தலைப்பு செய்யாததை அவர் செய்தார். எழுதும்போதே இன்னும் எரிகிறது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து சூயஸ் கால்வாய்ச் சண்டை வந்தது.

கால்வாயை மூடிவிட்டார்கள் என்ற செய்தி கேட்டு எங்கள் சந்தில் முதலில் நினைத்தது பக்கிங்ஹாம் கால்வாயை. எண்ணூர்ப் பக்கத்துப் படகுக்காரர் ஒருவர், "நேத்திதான் சவுக்குக் கட்ட ஏத்திகினு வந்தேன், எந்தப் பேமானி மூடினது?" என்று கோபமாகப் பார்க்கவே கிளம்பிவிட்டார். சிரிப்பு இரண்டு நாள்தான் நீடித்தது. சீமையிலிருந்து கப்பல் வருவது நின்றது. துறைமுகத்தில் தினக்கூலிக்காரர்கள் காலையில் போய்விட்டு ஒன்பது மணிக்கே திரும்பி வந்தார்கள். டில்லி நைனாவின் வேட்டி வெள்ளையாக இருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

கன்னியம்மா என்று ஒரு பெண். கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள்; கல்யாணமாகி எங்கள் சந்தின் கடைசிக் குடிசைக்கு வந்தவள். புருஷன் வேலாயுதம் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் கலாசி. லண்டன் போய்த் திரும்புகிற வழியில்தான் கால்வாய் அடைபட்டது. கப்பல் உள்ளே மாட்டிக்கொண்டதா, குண்டு விழுந்ததா, ஒரு தகவலும் இல்லை. கப்பல் கம்பெனி ஆபீஸில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் தினமும் கடைசிக் குடமாக வைப்பாள். மற்றவர்கள் போகும்வரை இருந்து ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"நைனா, அவரு கப்பலு எங்க கீது?"

"சர்க்கார் அத்த உன்னிப்பா பாத்துகினு கீது கன்னிம்மா."

பத்து நாள் இதே கேள்வி, இதே பதில். பதினோராம் நாள் அவள் கோபப்படவில்லை, அழவும் இல்லை. "உன்னிப்பா பாத்துகினு கீறாங்களே நைனா, அவ்ளோ பெரிய கப்பலு கண்ணுல படாமலா கீது?" என்றாள்.

அவர் மேடையிலிருந்து இறங்கிப் போனார். எத்தனையோ வருஷமாக நான் காத்திருந்த காட்சி அது. எனக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை என்று அன்றைக்குப் புரியவில்லை.

மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முதல் தடவை. உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. துணியில் சுற்றிய ஒரு தகரத் தகட்டை நீட்டினார்.

"சார், உங்க ஆபீசுக்கு கப்பல் சேதில்லாம் தந்தில வருதாமே. அந்தக் கப்பலு பேரு எனுக்கு வாயில நொழையல. போவசொல்ல மூட்டையில நான்தான் அடிச்சேன். இதான் அந்தத் தகடு, இத்தினி பொந்து. தேடிப் பாக்கறியா?"

அந்த நிமிஷம் என் தலை கனத்தது என்பதை மறைக்கவில்லை. டில்லி என்னிடம் வந்து கேட்கிறது! தகட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பார்க்கலாம்" என்று நிஜப் பேசவல்லவர் மாதிரியே பதில் சொன்னேன். ஆபீஸில் கப்பல் தந்திகளை யாரும் பார்ப்பதில்லை, ஆணியில் குத்திவைத்துவிடுவார்கள். ஒரு வாரம் அந்த ஆணியே கதி என்று உட்கார்ந்து, தகட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். ஒரு மத்தியானம் அகப்பட்டது. கப்பல் கால்வாய்க்குள் நுழையாமலே திரும்பி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வருகிறது. மாலுமிகள் எல்லோரும் நலம்.

நியாயமாக நான் டில்லி நைனாவிடம் போயிருக்கவேண்டும். போகவில்லை. பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். இந்த ஒரு சேதி என் வாயால் வரட்டும். இத்தனை வருஷத்துக்கு இது ஒன்றாவது எனக்குக் கிடைக்கட்டும். நேரே கன்னியம்மாவின் குடிசைக்குப் போய், தந்தியைப் படித்து, ஆப்பிரிக்காவைக் கையால் வரைந்து காட்டி, எல்லாம் சொன்னேன்.

அவள் வலை முடிந்துகொண்டிருந்த கையை நிறுத்தாமல் கேட்டாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"அப்டியா சார்? சரி. அஞ்சு மணிக்கி நைனா சொல்லட்டும்."

"தந்தி அம்மா இது! சர்க்கார் தந்தி ஆபீஸிலிருந்து வந்தது!"

"இருக்கட்டும் சார். நைனா சொல்லட்டும்."

என்ன செய்வது? அந்தப் பெண் இன்னும் ஒரு மணி நேரம் புருஷன் உயிரோடு இருப்பதை நம்பாமல் வலை முடியப்போகிறாள், நான் பெயர் வாங்க ஆசைப்பட்டதற்காக. வெட்கம் பிடுங்கித் தின்றது. டில்லி நைனாவைத் தேடிப் போய்க் காகிதத்தை நீட்டினேன். முதலில் அவளிடம் போனதையும் அவள் நம்பாததையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீ கண்டுபுட்ச்ச. நீயே சொல்லு சார்" என்றார்.

ஐந்து மணிக்கு என்னைக் கையைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார். சந்து முழுக்க நின்றது. காகிதத்தைப் பிரித்தேன். படித்தேன். திரும்பவும் தமிழில் சொன்னேன். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. கன்னியம்மா உட்பட அத்தனை பேரும் கீழே நின்றுகொண்டிருந்த டில்லி நைனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முடித்ததும் அவர் மெல்ல, ஒரே ஒரு முறை, தலையை ஆட்டினார்.

கன்னியம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே சேற்றில் உட்கார்ந்து, "ஐயோ நைனா, ஐயோ நைனா" என்று அழுதாள். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ அவள் குடத்தை எடுத்து வரிசையின் முதலில் வைத்தார்கள்.

கூட்டம் கலைந்தபிறகு அவர் என் பக்கத்தில் வந்து, "இன்னா சார், கால் ஒதறிச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"எனுக்கு தெனமும் ஒதறும். நானு இன்னா கண்டேன் சார், மூட்டைய கண்டேன். நாம ஒன்னு சொல்ல, அத்த நம்பிகினு ஒருத்தி தூங்கப் போறாளேன்னு."

வேலாயுதம் இரண்டு மாதம் கழித்து வந்து சேர்ந்தான். அதோடு என் பொறாமை தீர்ந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். தீரவில்லை. எனக்குப் பதவி உயர்வு வந்தது, வேறு பேட்டைக்கு வீடு மாறினோம். டில்லி நைனா காலமான செய்தி ஒரு கல்யாண வீட்டில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. எந்தத் தந்தியிலும் வரவில்லை. பிறகு நிஜமான பேசவல்லவர்கள் சிலரைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் யார் மேலும் எனக்குப் பொறாமை வந்ததில்லை.

இப்போதும் ரேடியோவில் எங்காவது யுத்தம் என்று சொன்னால் சரோஜா கை வேலையை நிறுத்திவிட்டு, "நம்ம நைனா இருந்தா இதுக்கு இன்னா சொல்லியிருப்பாரு?" என்பாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். எழுந்து ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவேன். நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்று அவளிடம் இதுவரை சொன்னதில்லை.